டிப்பர் வருது, டிப் அடி!

பெரம்பலூர் நாலு ரோட்டில் ராத்திரி ஒன்பதரை மணிக்கு டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் சித்தப்பா அதைச் சொன்னார்.

"ஏன்டா, நம்ம தெருவுல கரன்ட் போச்சுன்னா உன் காரைக் கொண்டாந்து நிறுத்திட்டா போதும் போலிருக்கே!"

பாராட்டு என்று நினைத்து, ஹி... ஹி... என்று இளித்தேன். பின்னே? மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் சார்! திருச்சியில் ஆபீசுக்குப் பக்கத்துக் கடையில் போன வாரம்தான் மாட்டினேன். என்னுடையது பதினைந்து வயசான சின்னக் கார். ராத்திரியில் அதன் வெளிச்சம், பூஜை ரூமில் எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரிதான் இருக்கும். ‘வெள்ளை எல்இடி பல்பு, 20,000 லூமன்’ என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்தான். லூமன் என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. எண் பெரிதாக இருந்தது, வாங்கிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை ஜெயங்கொண்டத்தில் அத்தை பேத்திக்கு முகூர்த்தம். ஆபீசில் லீவு கிடைக்காமல் சாயந்திரம்தான் கிளம்பி, சொந்த ஊரான பெரம்பலூரில் சித்தப்பாவையும் சித்தியையும் ஏற்றிக்கொண்டேன். பின் சீட்டில் சித்தியும் என் மனைவியும், டிக்கியில் சீர்ப் பாத்திரங்கள். மச்சினன் தன் புதுக் காரில் தனியாகப் பின்னால் வந்தான். அவனுடையதிலும் எல்இடிதான். ஆனால் கம்பெனியிலேயே வைத்துக் கொடுத்தது. விளக்குக்குள்ளே முட்டைக்கண் மாதிரி ஒரு கண்ணாடி உருண்டை இருக்கும்.

சித்தப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். இன்றைக்கும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் அவர் வலது கால் தானாக பிரேக் போடும். பேச்சு குறைவு. அவர் பேசாமல் இருந்தால் நான் சரியாக ஓட்டுகிறேன் என்று அர்த்தம். அன்றைக்கு நிறையப் பேசினார்.

திருச்சி-சென்னை ரோடு நடுவே தடுப்பு வைத்த நாலு வழிச் சாலை. எதிரே வருகிறவன் என்ன விளக்கு போட்டால் நமக்கென்ன என்று போய்விடலாம். அரியலூர் பக்கம் திரும்பினால் கதை வேறு. தேசிய நெடுஞ்சாலை 136 என்று கௌரவமான நம்பர் உண்டு. ஆனால் போகிறவனும் வருகிறவனும் ஒரே தாரில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு போகவேண்டிய ரோடு. இரண்டு பக்கமும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். அதன் மேல் போட்ட ரோடும் கூடவே ஊதிச் சுருங்கி, பல இடங்களில் அலை அலையாக இருக்கும். பகலில் தொட்டில் ஆட்டுகிற மாதிரி சுகம்தான். ராத்திரியில் அந்த அலையில் காரின் மூக்கு ஏறும்போதெல்லாம் விளக்கும் வானத்தைப் பார்க்கும். நாம் யோக்கியமாக டிம்மில்தான் போவோம். எதிரே வருகிறவன், "பிரைட் அடிக்கிறான் பார் படுபாவி" என்று திட்டிக்கொண்டே பதிலுக்கு அடிப்பான்.

போதாக்குறைக்கு டிப்பர். இங்கே தமிழ் கொஞ்சம் காலை வாருகிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போகிற லாரியும் டிப்பர், ராத்திரியில் விளக்கைத் தாழ்த்துவதற்கான சுவிட்சும் டிப்பர். லாரி முதுகில் ‘யூஸ் டிப்பர் அட் நைட்’ என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, "ராத்திரியில டிப்பர் லாரிதான் ஓட்டணுமாம்" என்று சின்ன வயதில் நான் நம்பியிருந்தேன். அரியலூர்ப் பக்கம் அது கிட்டத்தட்ட உண்மை. பூமியைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல், அதனால் சிமென்ட் ஆலைகள், அதனால் ராப்பகலாக லாரி.

சொல்லப்போனால் அந்த மாவட்டத்தையே டிம்-பிரைட் அடித்துத்தான் உண்டாக்கினார்கள். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் திரும்பச் சேர்த்து அணைத்தார்கள். 2007-ல் மறுபடி போட்டார்கள். அதிலிருந்து எரிந்துகொண்டிருக்கிறது.

பேரளி தாண்டி, சித்தளிப் பக்கம் வந்தபோது நடந்தது அது.

எதிரே மினுக் மினுக்கென்று ஒற்றை விளக்கு. மொபெட். நான் அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். டிம்தான் போட்டிருந்தேன், சத்தியமாக. அலையில் வண்டி ஏறி இறங்கியது. அந்த ஒற்றை விளக்கு ஒரு ஆட்டம் ஆடியது, ரோட்டை விட்டு இறங்கியது, அணைந்தது.

"நிறுத்துடா!"

சித்தப்பா அதட்டியதற்கு முன்பே என் கால் பிரேக்கில் இருந்தது. இறங்கி ஓடினோம். ரோட்டோரத்தில் யாரோ மக்காச்சோளம் காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்க வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். சோளத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், கல்லை விட்டுவிட்டார்கள். அந்தக் கல்லில் ஏறி மொபெட் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் அறுபது வயசுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு பெரியவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாக்கு வாய் பிரிந்து ரோடு பூராவும் சின்ன வெங்காயம்.

"ஒண்ணுமில்ல தம்பி. கண்ணு கூசிடுச்சு. ரோடு தெரியல."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. என் மனைவி தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து காயத்தைக் கழுவினாள். என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நானும் மச்சினனும் குனிந்து வெங்காயம் பொறுக்கினோம். நன்றாகத் தெரிந்தது சார், ஒவ்வொரு வெங்காயமும்! அத்தனை வெளிச்சம், என் கார் விளக்கில்.

பொறுக்கி முடித்ததும் சித்தப்பா என் தோளைத் தட்டினார். "போ. அந்தப் பக்கம் இருபத்தஞ்சு அடி தள்ளிப் போய் நின்னு உன் வண்டியப் பாரு."

போய் நின்றேன். பார்த்தேன் என்று சொல்ல முடியாது. இரண்டு வெள்ளை ஓட்டை, அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. கார் இல்லை, சித்தப்பா இல்லை, என் காலுக்குக் கீழே ரோட்டு விளிம்பு இல்லை. முகத்தைத் திருப்பிய பிறகும் கொஞ்ச நேரம் எதைப் பார்த்தாலும் அதன் மேல் பச்சையாக இரண்டு வட்டம் மிதந்தது. சின்ன வயசுக்காரனுக்கே இப்படி. வயதாக ஆக கண்ணின் லென்ஸ் மங்கி, விழும் வெளிச்சம் உள்ளே சிதறும்; கூச்சம் தெளிய இன்னும் நேரமாகும். அறுபது கிலோமீட்டரில் போகிறவன் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறான். மூன்று விநாடி கண் தெரியாவிட்டால் ஐம்பது மீட்டரைக் குருடனாகக் கடக்கிறான்.

அந்த இருபத்தைந்து அடியும் சித்தப்பா சும்மா சொன்னதில்லையாம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-லேயே இருக்கிறது: 8 மீட்டர் தள்ளி நிற்கிறவன் கண்ணைக் கூசவைக்காதபடி விளக்கு கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஹெட்லைட் நடுவே கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு வண்டிகள் ஓடினது ஞாபகம் இருக்கிறதா? அதற்கும் இதுதான் காரணம். வண்டிக்குத் திருஷ்டி கழிக்கிறார்கள் என்று நினைத்தவன் நான்.

மொபெட்டின் ஹேண்டில் கோணிக்கொண்டுவிட்டது. மச்சினன் அதை மெல்ல உருட்டி ஓட்டிவர, பெரியவரையும் வெங்காய மூட்டையையும் என் காரில் ஏற்றி, இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருந்த அவர் ஊரில் இறக்கினோம். டிக்கியில் பாத்திரம் நிறைந்திருந்ததால் மூட்டையைப் பின் சீட்டில் கால் வைக்கிற இடத்தில் திணித்தோம். சித்தி காலை மடக்கிக்கொண்டு, "பட்டறையில வச்சிருந்த வெங்காயமா?" என்று விலை விசாரித்துக்கொண்டே வந்தாள். பெரியவரும் வலியை மறந்து விலை போகாத கதையைச் சொன்னார்.

திரும்பும் வழியில் பூட்டிக் கிடந்த ஒரு அரிசி ஆலை. அதன் வெள்ளைச் சுவருக்கு எதிரே இரண்டு காரையும் நிறுத்தச் சொன்னார் சித்தப்பா. சினிமா காட்டப்போகிறார் என்றான் மச்சினன். நிஜமாகவே காட்டினார்.

மச்சினன் வண்டி வெளிச்சம் சுவரில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி விழுந்தது. கோட்டுக்குக் கீழே பளீர், மேலே கும்மிருட்டு. இடது பக்கம் மட்டும் கோடு கொஞ்சம் மேலே ஏறியது. நாம் இடதுபுறம் போகிறவர்கள் ஆயிற்றே. ரோட்டோரத்தில் நடக்கிறவர்கள் தெரியட்டும், வலதுபுறம் எதிரே வருகிறவன் தப்பிக்கட்டும் என்று கணக்கு. உள்ளே ஒரு சின்னத் தகடு மேல்பக்க வெளிச்சத்தை மறைக்கிறது; பழைய கறுப்புப் பொட்டு செய்த வேலையைத்தான் அது இன்னும் சுத்தமாகச் செய்கிறது.

என் கார் வெளிச்சம்? சுவரில் யாரோ வாளித் தண்ணீரை வீசியடித்த மாதிரி இருந்தது. கோடும் இல்லை, கீடும் இல்லை. ஆலையின் மாடி ஜன்னல் வரை வெளிச்சம்.

"பல்பு வேற, வெளக்கு வேறடா" என்றார் சித்தப்பா. என் காருக்குள் இருக்கிற கிண்ணம் மாதிரியான ரிஃப்ளெக்டர் ஹாலோஜன் பல்புக்காகச் செய்தது. எச்4 என்று சொல்கிற அந்தப் பல்புக்குள் இரண்டு இழை. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழைக்குக் கீழே கரண்டி மாதிரி ஒரு குட்டித் தகடு. வெளிச்சம் கிண்ணத்தின் மேல்பாதியில் மட்டும் பட்டு, ரோட்டை நோக்கிக் கீழே இறங்கும். இழை மயிரிழை நகர்ந்தாலும் கோடு கலைந்துவிடும். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் சிப் ஒட்டிய எல்இடி குச்சியைச் செருகினால் என்ன ஆகும்? சுவரில் பார்த்ததுதான் ஆகும்.

நடுவில் ஒரு ஸெனான் காலம் இருந்தது. 1991-ல் ஜெர்மன் சொகுசுக் கார்களில் வந்தது. இழையே கிடையாது, வாயுவுக்குள் மின்பொறி. ஹாலோஜன் சாப்பிடுவதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், 35 வாட் சாப்பிட்டுவிட்டு, மூன்று மடங்கு வெளிச்சம் கக்கும். அதனால்தான் ஐரோப்பாவில், ஸெனான் வைத்தால் தானாக மட்டம் சரிசெய்துகொள்கிற கருவியும், விளக்கைக் கழுவுகிற குழாயும் சேர்த்து வைக்கவேண்டும் என்று விதி போட்டார்கள். நம் ஊர்க் கடைகளில் அந்தப் பல்பு மட்டும் வந்தது. இன்றைக்கு எல்இடி கதையும் அதேதான். 2014-ல் லேசர் விளக்கு வைத்தே கார் விற்றார்கள். பிரான்சிலோ 1993 வரை மஞ்சள் விளக்குத்தான் சட்டம். சித்தப்பா இதைக் கேட்டு, "வெவரமானவங்க" என்றார்.

"அப்ப என் கார்ல வெளிச்சம் கம்மியா இருந்ததே சித்தப்பா, அது பொய்யா?"

டார்ச் அடித்து விளக்கின் மூடியைக் காட்டினார். மஞ்சளாக, பால் தோய்ந்த மாதிரி இருந்தது. "இது கண்ணாடியில்ல, பிளாஸ்டிக்கு. வெயில்ல நின்னு நின்னு கண்ணுல பொரை விழுந்திருக்கு. பொரையை எடுக்காம பெரிய கண்ணு வச்சிருக்கே நீ."

பழைய ஹாலோஜன் பல்புகளைத் தூக்கிப் போட மனசில்லாமல் டாஷ்போர்டில் வைத்திருந்தேன். சித்தப்பா கைக்குட்டையால் பிடித்து மாட்டினார். கண்ணாடியில் விரல் பட்டால் அந்த எண்ணெய்ப் பிசுக்கில் சூடு ஓரிடமாக ஏறி பல்பு சீக்கிரம் போய்விடுமாம். பத்தே நிமிஷம். பிறகு ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த ஒரு சின்னச் சக்கரத்தைக் காட்டி, "இது எதுக்குடா?" என்றார்.

0, 1, 2, 3 என்று போட்டிருந்தது. ஏ.சி. சம்பந்தப்பட்டது என்று நினைத்து ஏழு வருஷமாகத் தொட்டதே இல்லை. அது விளக்கின் மட்டம் சார்! பின் சீட்டில் ஆளும் டிக்கியில் சாமானும் ஏறினால் காரின் பின்பக்கம் தணியும், மூக்கு உயரும், வெளிச்சம் எதிராளி முகத்துக்கு ஏறும். அப்போது சக்கரத்தைத் திருப்பி விளக்கைத் தாழ்த்தவேண்டும். இரண்டில் வைத்தார். நீங்களும் நாளைக்கு உங்கள் வண்டியில் தேடிப் பாருங்கள். பாதிப் பேருக்காவது தூசி படிந்து கிடக்கும்.

அதற்கப்புறம் நான் நாற்பத்தைந்தில் போனேன். மச்சினனை முன்னால் விட்டோம். அரியலூர் தாண்டியதும் காற்றிலேயே வெள்ளையாகத் தூசி. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் இந்த ஊர் கடலுக்கடியில் இருந்தது. அந்தக் கடல் ஜீவன்களின் ஓடுகள்தான் சுண்ணாம்புக்கல் ஆகி, இப்போது லாரியில் போகின்றன. வாரணவாசியில் இதற்கென்றே புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தத் தூசியில் மச்சினன் பிரைட் போட்டதும் அவன் முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பியது. உடனே டிம்முக்கு மாறினான். அது சரி. தூசி கலைந்த பிறகும் மாற்றாமல் டிம்மிலேயே எழுபதில் பறந்தான். அது தப்பு.

வி.கைகாட்டிக்கு முன்னால் கிறீச் என்று ஒரு சத்தம். அவன் பிரேக் விளக்கு ரத்தச் சிவப்பாக எரிந்தது. அவனுக்கு முன்னால், பஞ்சராகி பாதி ரோட்டில் நின்ற ஒரு டிப்பர். பின் விளக்கு இல்லை, ஒளிரும் ஸ்டிக்கர் மேல் தூசி அப்பியிருந்தது. எச்சரிக்கைக்கு ஒரு வேப்பங்கிளை மட்டும் ஒடித்துப் போட்டிருந்தார்கள். கார் மூக்குக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஆள் நீளம்தான்.

இறங்கி வந்தவனுக்குக் கை நடுங்கியது. "மாமா, டயர் மட்டும்தான் தெரிஞ்சுது. மேல லாரி இருக்கறதே தெரியல."

ஸ்கேல் வைத்த கோடு! கோட்டுக்குக் கீழே அத்தனை பளிச்சென்று இருந்ததால் கோட்டுக்கு மேலே இருட்டு இன்னும் இருட்டாகிவிட்டது. எழுபதில் போகிறவன், பார்த்து, காலைத் தூக்கி, அழுத்தி, வண்டி நிற்பதற்குள் 55 முதல் 60 மீட்டர் ஓடிவிடும். கறுப்புச் சட்டை போட்ட ஆளோ, தூசி படிந்த லாரியோ டிம்மில் பல சமயம் அதற்குள்தான் கண்ணில் படும். என்ன விளக்காக இருந்தாலும் டிம் டிம்தான்.

"எதிர்ல யாருமே இல்லாதப்ப ஏன் தம்பி டிம்முல ஓட்டற?" என்று சித்தப்பா கேட்டார். குரலில் கோபம் இல்லை. "பஸ்ஸுல எங்களுக்கு விரல் பூரா அந்தக் குச்சியிலதான் இருக்கும். ஆளில்லேன்னா பிரைட்டு. வெளிச்சம் கண்டா டிம்மு. அவன் பிரைட்டுலயே வந்தா, அவனப் பாக்காத. இடது பக்கம் ரோட்டு ஓரத்தைப் பாத்துக்கிட்டே வேகத்தைக் கொறச்சுக்க. பதிலுக்கு நீயும் அடிச்சா, ரெண்டு குருடனுங்க எதிரெதிர வரீங்கன்னு அர்த்தம்."

லாரி டிரைவர் பையன், இருபத்தைந்து வயசு இருக்கும், தயங்கித் தயங்கி வந்து நின்றான். சித்தப்பா அவனைத் திட்டவில்லை. துணி வாங்கி ஸ்டிக்கரைத் துடைத்துவிட்டு, மச்சினன் காரிலிருந்த சிவப்பு முக்கோணத்தை எடுத்து ஐம்பது அடி பின்னால் வைத்துவிட்டு வந்தார். புதுக் காரோடு வந்த முக்கோணம். அதுவும் உறை பிரிக்காமல்தான் இருந்தது.

தத்தனூர், உடையார்பாளையம் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. ஜெயங்கொண்டம் சேர்ந்தபோது மணி ஒன்று. மண்டப வாசலில் சீரியல் லைட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "ஏன்டா லேட்டு?" என்று அத்தை கேட்டதற்கு, "வெங்காயம் பொறுக்கினோம்" என்றேன். நம்பவில்லை.

முகூர்த்தம் முடிந்து, பந்தியும் முடிந்து, பக்கத்திலேயே இருக்கிற கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனோம். ராஜேந்திர சோழன் கட்டிய கோயில், ஒன்பது நிலை விமானம். சோழர் காலத்தில் ஒரு நுந்தா விளக்கு எரிக்க 96 ஆடு தானம் கொடுப்பார்களாம். அந்த ஆடுகளுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். மச்சினன் கையால் கணக்குப் போட்டு, "உங்க பல்பு ரெண்டுக்கும் 192 ஆடு மாமா" என்றான்.

அடுத்த வாரம் திருச்சியில் ஒரு பெயின்ட் கடைக்காரர் தண்ணீர் எமரித் தாளால் விளக்கு மூடியைத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே ஒரு கோட்டிங் அடித்துக் கொடுத்தார். அறுநூறு ரூபாய். பழைய ஹாலோஜனே போதுமான அளவு தெரிகிறது. (டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாம் என்று ஆபீசில் சொல்வார்கள். செய்து பார்த்தேன். பத்து நாள் பளபளக்கும், அப்புறம் பழைய குருடி.) எல்இடி பல்புகளைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆபீஸ் நண்பர் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை, பரணில் கிடக்கிறது.

கல்யாணம் முடிந்து மூன்று வாரம் கழித்து காருக்குள் ஒரு வாடை. எலி செத்திருக்கும் என்றாள் மனைவி. பின் சீட்டு மிதியடியைத் தூக்கிப் பார்த்தால், ஓரமாக நாலு சின்ன வெங்காயம். இரண்டு அழுகியிருந்தது. இரண்டில் பச்சையாக முளை விட்டிருந்தது.